மலாலாவின் படமும் மாலை நேரப் பேருந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் கல்விக்காகக் குரல் கொடுத்த, பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மலாலா யூசுப்சாய் பற்றித் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அது 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வாகனத்துக்குள் ஏறி அவர்மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் தொடங்கி, 2014-இல் கைலாஷ் சத்யார்த்தியுடன் சேர்ந்து 17 வயதில் அவர் பெற்ற நோபல் அமைதிப் பரிசில் முடிந்துவிட்டது. எங்கள் பகுதிப் பள்ளிகளில் அவருடைய பிறந்த நாளான ஜூலை 12 அன்று நடக்கும் பேச்சுப் போட்டிகளிலும் இதே இரண்டு நிகழ்ச்சிகளைத்தான் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். குண்டும் பரிசும் மட்டுமே சொல்லப்படும்போது, இராமநாதபுரம் கடற்கரையில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் ஒரு பெண்பிள்ளைக்கு அது ஏதோ தொலைதூர நாட்டு வீராங்கனையின் கதையாகப் போய்விடுகிறது. அவளுக்கு உதவக்கூடிய பகுதி அந்தக் கதையின் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்லவும், அதையொட்டி எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நிலையை எடுத்துரைக்கவுமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மண்டபம் ஒன்றியத்தில், தென்கடல் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கிளை அஞ்சலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கல்வித் துறைக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆயினும் ஒரு சிற்றூரின் போஸ்ட்மாஸ்டருக்கு, யார் வீட்டுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு வந்தது, யார் வீட்டுக்கு வருவது நின்றுபோனது, எந்தப் பெண்ணின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கப்பட்டு எதற்காக முடிக்கப்பட்டது என்பதெல்லாம் விசாரிக்காமலேயே தெரிந்துவிடும். அந்த அறிவுதான் என் தகுதி.

மலாலாவை உலகம் அறிவதற்கு முன்பு, 2009 ஜனவரியில், தம் 11-ஆம் வயதில் அவர் பிபிசி உருது இணையதளத்துக்காக குல் மக்காய் என்ற புனைபெயரில் ஒரு நாட்குறிப்பு எழுதினார். அம்மாதம் 15-ஆம் நாளுக்குப் பிறகு பெண்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லக் கூடாதென்று தாலிபான்கள் ஆணையிட்டிருந்த நேரம் அது. அந்த நாட்குறிப்பின் தொடக்கப் பதிவிலேயே, வகுப்பில் இருக்க வேண்டிய 27 பேரில் அன்று 11 பேர்தான் வந்திருந்தனர் என்று அவர் கணக்குச் சொல்கிறார். தம் தோழியரில் மூவர், அந்த ஆணைக்குப் பிறகு குடும்பத்தோடு பெஷாவருக்கும் லாகூருக்கும் ராவல்பிண்டிக்கும் போய்விட்டதையும் எழுதியிருக்கிறார். சீருடை வேண்டாம், சாதாரண உடையில் வாருங்கள் என்று தலைமை ஆசிரியை சொன்னதையும் குறித்து வைத்திருக்கிறார். முழக்கம் எதுவும் அதில் இல்லை. யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் எங்கே போனார், வருபவர் எந்த வழியாக, என்ன உடுத்தி வருகிறார் என்பதுதான் இருக்கிறது. வருகைப் பதிவேடு எழுதுவதுபோல் உள்ளதை உள்ளபடி எழுதிய பிள்ளை அவர். என்னைப் பொறுத்தவரை நோபல் பரிசைவிட இதுதான் பெரிது. ஏனெனில் இதை எங்கள் ஊரிலும் செய்யலாம்.

செய்து பார்த்தால் என்ன தெரியும்? எங்கள் கிராமத்தில் இருப்பது நடுநிலைப்பள்ளி. எட்டாம் வகுப்பு வரை பையன்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கிறார்கள். மதிய உணவு உண்டு, சீருடையும் பாடநூலும் அரசு தருகிறது, ஆசிரியர்களும் குறை சொல்ல முடியாதவர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டும். அந்த இடத்தில்தான் வரிசை உடைகிறது. பையன் படிப்பை விட்டால் வள்ளத்தில் ஏறிவிட்டான் என்று ஊர் முழுக்கத் தெரிகிறது. ஆசிரியர் வந்து திட்டுகிறார், தாய் அழுகிறாள், அது ஒரு செய்தியாகிறது. பெண்பிள்ளை விட்டால் அது செய்தியே ஆவதில்லை. 'வீட்டுல இருக்கா' என்ற ஒரே பதிலோடு முடிந்துவிடுகிறது. அவள் படிப்பை நிறுத்தியவர் என்று எவரையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கக் கூடாதென்று ஆட்சியாளர்கள் வெளிப்படையாகத் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கொடுமையோடு எங்கள் நிலையை ஒப்பிடுவது நியாயமாகாது, நான் ஒப்பிடவும் இல்லை. ஆனால் ஆணை போட்டுத் தடுத்தால் எதிர்த்துப் பேச எதிரே ஒருவர் இருக்கிறார். இங்கே எதிரே எவரும் இல்லை என்பதால் பேசுவதற்கே வழியில்லாமல் போகிறது.

சட்டமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கையை விடுகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கே, அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கே, இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. ஒன்பதாம் வகுப்பில் சேராத பிள்ளையைத் தேடி வர வேண்டிய சட்டக் கடமை எவருக்கும் இல்லை. உயர்கல்விச் சேர்க்கையில் இந்திய சராசரி 28 விழுக்காடாக இருக்க, தமிழகம் 47 விழுக்காட்டை எட்டியிருப்பதாக 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பு கூறுகிறது. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் மாநிலச் சராசரி என்பது சென்னையையும் கோவையையும் எங்கள் மணல் ஊர்களையும் ஒன்றாகப் போட்டு வகுத்தெடுத்த எண் என்பதை மேடையில் பேசுவோர் மறந்துவிடுகிறார்கள்.

பேருந்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகள் கிழக்குக் கடற்கரைச் சாலை விலக்கு வரை நடந்து போய் அங்கே பேருந்து பிடிக்க வேண்டும். இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கருவேலங்காடு. தெருவிளக்கு ஊர் எல்லையோடு சரி. காலையில் சிரமமில்லை, கூட்டமாகப் போய்விடுவார்கள். மாலையில் பள்ளி விடுவதற்கும் பேருந்து புறப்படுவதற்கும் உள்ள இடைவெளி எப்போதும் பிள்ளைகளுக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு வைத்தால் அந்தப் பேருந்து போய்விடும். அடுத்தது வருவதற்குள் பொழுது இருட்டிவிடும். மார்கழி, தை மாதங்களில், வாடைக்காற்று அடிக்கிற நாள்களில், அந்த விலக்கில் இறங்கி நடந்துவரும் பெண்ணுக்காக வீட்டில் ஒருவர் டார்ச் விளக்கோடு வந்து நிற்க வேண்டும். அப்பன் கடலில் இருப்பான். அம்மா மீன் விற்கப் போயிருப்பாள். இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலவச பஸ் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைக் கண்டால், சில ஓட்டுநர்கள் நிறுத்தத்தில் நிறுத்தாமல் நூறடி தள்ளிப் போய் நிறுத்துகிறார்கள். புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தாவணியை அள்ளிப் பிடித்தபடி பிள்ளைகள் ஓடுவதையும், கடைசியாக ஓடிவரும் பிள்ளை படியில் கால் வைப்பதற்குள் விசில் ஊதப்படுவதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அடுத்தது, வீட்டு வேலை. தென்கடல் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித் தங்கள் இதழிலேயே படங்களோடு செய்தி வந்திருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் விடிவதற்கு முன்பே கிளம்பி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் கட்டிய பையோடு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் எடுத்து வருகிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு அதற்கும் கட்டுப்பாடுகள் வந்து, முன்போல் எல்லா இடத்திலும் எடுக்க முடிவதில்லை. அந்தத் தாய் கடலுக்குள் இருக்கும் நேரத்தில் உலை வைப்பதும், தம்பி தங்கையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதும், குடிதண்ணீர் வண்டி வந்தால் குடத்தோடு வரிசையில் நிற்பதும் மூத்த பெண்ணின் வேலை. பக்கத்தில் பள்ளி இருந்தவரை இவற்றை முடித்துவிட்டு மணி அடிக்கும் நேரத்துக்கு ஓடிவிடலாம். முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முடியாது. ஆகவே மாதத்தில் சில நாள்கள் வருகை குறைகிறது. குறைந்த வருகை குறைந்த மதிப்பெண்ணாகிறது. குறைந்த மதிப்பெண், 'அவளுக்குப் படிப்பு ஏறல' என்ற தீர்ப்பாகிறது. தீர்ப்புச் சொல்பவர் கெட்டவர் அல்லர். அவருக்குத் தம் மகள் ஏன் தோற்றாள் என்பது தெரியாது, அவ்வளவுதான்.

பணம் எந்த மாதத்தில் இல்லாமல் போகிறது என்பதையும் வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதும், மாற்றுச் சான்றிதழ் வாங்குவதும், ஒன்பதாம் வகுப்புக்கும் பிளஸ் 1-க்கும் சேர்க்கை நடப்பதும் இந்த இரண்டு மாதத்துக்குள்தான். ஆண்டிலேயே வீட்டில் காசு புழங்காத காலத்தில்தான் பெண்ணை மேலே படிக்க வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு எழுகிறது. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லையே என்பீர்கள். கட்டணம் இல்லை; ஆனால் புதுச் சீருடை தைக்கக் கூலி, செருப்பு, நோட்டு, பை, வழிச்செலவு என்று கையில் கொஞ்சம் பணம் வேண்டும். அப்போது நண்டுக் கம்பெனியிலோ இறால் கம்பெனியிலோ ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வரும். முன்பணமும் தருவார்கள். இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்டு, குடும்பத் தலைவர் அங்கே சிறையில் இருக்கும் வீடாக இருந்தால், பேச்சுக்கே இடமிருக்காது. இரண்டு மாதம் போய் வரட்டும், பிறகு பள்ளியில் சேர்க்கலாம் என்றுதான் எல்லாத் தாயும் சொல்கிறாள். ஜூலையில் எந்தப் பள்ளியும் அவளுக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் நடந்த ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வரவு செலவு வாசித்து முடித்து, குடிநீர்க் குழாய் பற்றிச் சண்டை போட்டு, எல்லாரும் எழுந்து போகும் நேரத்தில், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். கையில் கட்டுரை நோட்டு. 'தலைவர் ஐயா, எங்க ஸ்கூல் விடுறது நாலேகாலுக்கு. பஸ் அதுக்கு முன்னாடியே போயிருது. ஸ்பெஷல் கிளாஸ் வச்சா ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றோம். எங்களோட எட்டாவது முடிச்சதுல எத்தனை பேரு இப்ப வர்றோம்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன்' என்று சொல்லி, நோட்டைப் பார்த்துப் பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள். யார் வருகிறாள், யார் நின்றுவிட்டாள், நின்றவள் இப்போது எங்கே வேலைக்குப் போகிறாள் என்று வரிசையாக வந்தது. மலாலாவின் நாட்குறிப்பை அவள் படித்திருக்க வாய்ப்பில்லை. மூன்றாவது பெயர் வந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: 'ஏய் புள்ள, பெரியவங்க இருக்குற எடத்துல ஊர்ப் பொம்பளப் புள்ளைக பேரையெல்லாம் வாசிக்கிறியே, உங்க அப்பன் எங்க?' அப்பன் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய தாவணியைப் பிடித்து இழுத்து அம்மா உட்கார வைக்கப் பார்த்தாள். அவள் உட்காரவில்லை, பட்டியலை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் 'மாணவ மாணவியர் நலன் கருதி மாலை நேரப் பேருந்து கோருதல்' என்று ஒரு வரி எழுதிக்கொண்டார். பெயர்கள் ஏறவில்லை.

அன்று மாலை தேநீர்க் கடையில் அவளைப் பற்றி என்ன பேசப்பட்டது என்பதை நான் எழுதப்போவதில்லை. வாயாடி என்பது அவற்றுள் மரியாதையான சொல். மலாலாவுக்கு மாலை போடும் நாம், மலாலாவைப் போல ஒரு பிள்ளை நம் தெருவில் வாயைத் திறந்தால் அவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காதே என்றுதான் முதலில் கவலைப்படுகிறோம். அவர் நாட்டிலும் இதுதான் கதை. உலகம் போற்றும் அவரை மேற்கத்திய நாடுகளின் கைப்பாவை என்று ஏசுவோர் பாகிஸ்தானிலேயே உண்டு.

தீர்மானம் மனுவாகி, பதிவுத் தபாலில் பேருந்துப் பணிமனைக்குப் போயிற்று. போதிய பயணிகள் இல்லாத தடம் என்று பதில் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் பயணிகள் கணக்கில் சேரமாட்டார்கள் போலும். மறுபடி எழுதியதில் சில மாதம் நேரம் மாற்றி ஓட்டினார்கள். பிறகு வண்டி பழுது, ஆள் பற்றாக்குறை என்று பழைய நேரத்துக்கே போய்விட்டது. அந்தப் பிள்ளை பட்டணத்தில் அத்தை வீட்டில் தங்கிப் பிளஸ் 2 முடித்தாள். அவள் பட்டியலில் இருந்தவர்களில் வெளியூரில் உறவுக்காரர் வீடு வாய்த்தவர்கள் படித்தார்கள். அத்தை வீடு இல்லாதவர்கள் நின்றுவிட்டார்கள். ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து லாகூருக்கும் ராவல்பிண்டிக்கும் போன தோழியரின் நினைவு எனக்கு இங்கேதான் வருகிறது. ஒரு பெண்ணின் கல்வி உரிமை அவளுடைய அத்தை எங்கே வாக்கப்பட்டிருக்கிறாள் என்பதைப் பொறுத்து அமையலாமா? கடலோர ஒன்றியங்களில் ஒன்பதாம் வகுப்பு முதலே பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க, தாய் நினைத்தால் ஒரே பேருந்தில் போய்ப் பார்த்துவரும் தூரத்தில், விடுதிகள் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

அரசு எதையும் செய்யவில்லை என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெற்றுக் கல்லூரிக்குப் போகும் பெண்களை எனக்குத் தெரியும். அந்தப் பணம் அவர்களுக்கு வீட்டில் ஒரு மரியாதையைத் தந்திருக்கிறது. விலையில்லா மிதிவண்டியும் நல்ல திட்டம்தான். ஆனால் கல்லூரியில் சேர்ந்தவளுக்குத்தான் அந்த ஆயிரம். பிளஸ் 1-இல் சேர்ந்தவளுக்குத்தான் அந்த மிதிவண்டி. எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது ஒன்பதாம் வகுப்பின் வாசலில். ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்தவருக்குத் துடுப்பைப் பரிசாகக் கொடுப்பதுபோல் இருக்கிறது இது. 2006-இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை சுமார் 30 விழுக்காடு உயர்ந்ததாகவும், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே பயன் அதிகமாகத் தெரிந்ததாகவும் கண்டார்கள். பீகாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதா என்று நம்மவர்களுக்குக் கசக்கலாம். அப்படியானால் பக்கத்துப் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் சைக்கிள் ஓட்டியதைப் பார்த்துச் சிரித்தவர்கள், கொஞ்ச நாளில் தம் வீட்டுப் பெண்களையும் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். எழுத்துக்கும் போக்குவரத்துக்கும் உள்ள உறவை அன்றே அறிந்தவர்கள் நாம். மிதிவண்டியை ஒன்பதாம் வகுப்புக்கு மாற்றினால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் மணலில் சக்கரம் ஓடாது என்பதால், விலக்கு வரைக்கும் ஒரு தார்ச்சாலையும் இரண்டு தெருவிளக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

பணத்தைப் பற்றி எழுதியதால், எனக்கு நன்கு தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரியில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்தபோது, பத்து வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளின் பெயரில் எங்கள் அஞ்சலகத்திலும் கணக்குகள் தொடங்கப்பட்டன. மீன் விற்ற காசு, பாசி விற்ற காசு, மகளிர் குழுவில் எடுத்த காசு என்று தாய்மார்களே பெரும்பாலும் கட்டினார்கள். நூறும் இருநூறுமாக, சில நோட்டுகள் ஈரத்தோடே வரும். முதல் ஆண்டில் எட்டு, ஒன்பது வயதில் கணக்குத் தொடங்கிய பிள்ளைகள் பள்ளிப் பருவத்தைத் தாண்டிவிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேறினாலோ 18 வயது நிறைந்தாலோ, மேற்படிப்புக்காகக் கணக்கில் உள்ளதில் பாதி வரை எடுக்கலாம் என்பது விதி. 18 வயதுக்குப் பின் திருமணத்துக்காகக் கணக்கை முடித்துக்கொள்ளவும் விதி உண்டு. இரண்டாவது விதி ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதலாவது பலருக்குத் தெரியாது. ஒருமுறை ஒரு தாய் பாஸ் புத்தகத்தை என் மேசைமேல் வைத்து, 'அண்ணே, இது அவ கல்யாணத்துக்குத்தான எடுக்க முடியும்? படிப்புக்குக் கேட்டா குடுக்க மாட்டீகள்ல?' என்று கேட்டார். கொடுப்போம் என்றதும் அவர் நம்பவில்லை. படிவத்தை எடுத்துக் காட்டிய பிறகே நம்பினார். இந்த விதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, எட்டாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் அனுப்புவதற்கு அஞ்சல் துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் எவ்வளவு செலவாகிவிடும்?

வழக்கமாக இந்தப் பேச்சு வந்தால், மீனவச் சமுதாயம் இப்படித்தான், இஸ்லாமியச் சமுதாயம் அப்படித்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சடங்கு முடிந்ததும் பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லாச் சமுதாயத்திலும் இருந்தது, இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. சடங்குக்குப் பிளெக்ஸ் போர்டு வைக்கும் செலவில் ஒரு வருடம் ஆட்டோ வைத்துப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று நான் சொன்னால் என்மீதும் கோபப்படுவார்கள். ஆனால் பழக்கம் வசதிக்கு வழிவிடும் என்பதற்குக் கீழக்கரையே சான்று. 1988-இல் அங்கே தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்ட பிறகு, மதுரைக்கும் திருச்சிக்கும் பெண்ணை அனுப்பத் தயங்கிய வீடுகளிலிருந்தும் பட்டதாரிகள் வந்தார்கள். கல்லூரி வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பெற்றோரின் தயக்கம் பாதி குறைந்துவிட்டது. இன்னும் பின்னோக்கிப் போனால் புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார் இருக்கிறார். பூப்பெய்திய பின் வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறியவரை, ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் சேர்க்கக் கூடாதென்று எழுந்த எதிர்ப்பையும் மீறி மன்னர் அனுமதித்தார். அவர் 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். படிக்க அந்தப் பெண் ஆயத்தமாகவே இருந்தார்; வாயிலைத் திறந்துவிட ஒரு மன்னர் தேவைப்பட்டார். எங்களுக்கு ஒரு பணிமனை மேலாளர் போதும்.

மலாலாவின் கதையில் எனக்குப் பிடித்த இன்னொருவர் அவருடைய தந்தை ஜியாவுதீன். அவரே பள்ளி நடத்தியவர். மகள் கூட்டங்களில் பேசியபோது தலையைக் குனியாதவர். எங்கள் கிராம சபையில் அன்று தலை குனிந்த தகப்பனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாலு பேர் முன்னிலையில் அவருக்குத் துணையாக ஒருவர்கூடப் பேசவில்லையே, அவர் வேறென்ன செய்வார்? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தக் குழுவின் கூட்டத்துக்கு எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை அழைத்து, அடுத்த ஆண்டு எந்தப் பள்ளிக்கு, எப்படிப் போகப்போகிறாய் என்று ஒவ்வொருத்தியையும் கேட்டு எழுதிக்கொண்டால், ஏப்ரலிலேயே தெரிந்துவிடும் யார் நின்றுவிடுவாள் என்று. கழிப்பறையில் தண்ணீர் வராததால் காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம் என்பது போன்ற, ஆண் ஆசிரியர்களிடம் சொல்ல முடியாத செய்திகளும் அப்போதுதான் வெளியே வரும்.

ஆசிரியர் அவர்களே, ஐக்கிய நாடுகள் அவையில் 2013-இல் மலாலா ஆற்றிய உரையிலிருந்து 'ஒரு குழந்தை, ஓர் ஆசிரியர், ஒரு புத்தகம், ஒரு பேனா' என்ற வரியை எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதன் கீழே ஐந்தாவதாக ஒரு பேருந்தை எழுதும் உரிமை எனக்கில்லை; தங்கள் நாளிதழுக்கு உண்டு. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு செய்தியாளரை அனுப்பி, தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடலோர விலக்குகளில் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை நிற்கச் சொல்லுங்கள். எந்தப் பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது, எந்தப் பேருந்து எத்தனை மணிக்குப் போகிறது என்பதை இரண்டு பத்தியில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடுங்கள். கருத்து எதுவும் எழுத வேண்டாம். அத்துடன், சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்பதில் சேர்ந்தனர் என்ற ஊர்வாரி விவரத்தை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு வெளியிட்டால், அடுத்த குறைதீர் நாளில் மனு கொடுக்க எங்களுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும், பணிமனையிலிருந்து வந்த பதிலின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பதிலில் கையெழுத்திட்ட அலுவலர் இப்போது மாறுதலாகிப் போய்விட்டதால் அவர் பெயரை அடித்திருக்கிறேன். அதை வெளியிட வேண்டியதில்லை. தட எண்ணும் நேரமும் அப்படியே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை அஞ்சல் அலுவலர்,
மண்டபம் ஒன்றியம்,
இராமநாதபுரம் மாவட்டம்.